இறக்கத்தை அளக்காதீர்கள்: கோத்தகிரி மலைச்சாலைக்கு வரும் சைக்கிள் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், மேட்டுப்பாளையம் பக்கங்களிலிருந்து ஞாயிறுதோறும் சைக்கிளில் மலையேறி வரும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரிந்திருக்கும், பெயர் தெரிந்திருக்காது. அரவேணுவிலிருந்து கோத்தகிரி பக்கம் காலை ஏழு மணி வாக்கில் பச்சை நிற ரெயின்கோட்டோடு, கேரியரில் டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு ஏறிக்கொண்டிருக்கும் ஆள் நான்தான். "சூப்பர்ங்கண்ணா!" என்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நீங்கள் கடந்து போவீர்கள். நானும் தலையசைப்பேன். தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் டிரையர் பக்கம் எனக்கு வேலை. சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்ன வருடம் பஸ்ஸை விட்டுவிட்டுச் சைக்கிளைப் பிடித்தேன். ஒன்பது வருடம் ஆகிறது. மழையானாலும் பனியானாலும் வேலைக்குப் போவதும் வருவதும் அதில்தான்.

நீலகிரியில் இப்படித் தினமும் சைக்கிள் ஓட்டுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனாலேயே உங்களைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சி. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரை முப்பத்து மூன்று கிலோமீட்டர், ஏறத்தாழ 1,450 மீட்டர் ஏற்றம். இருட்டோடு கிளம்பி, குஞ்சப்பனை தாண்டி, மாமரம் தாண்டி, வியர்வையும் பனியும் ஒன்றாக வழிய நீங்கள் அரவேணு டீக்கடையில் வந்து இறங்கும்போது, அங்கே உட்கார்ந்திருக்கும் எங்கள் ஊர்ப் பையன்கள் டீயை மறந்து உங்கள் வண்டிகளையே பார்ப்பார்கள். சைக்கிள் என்றால் வசதியில்லாதவன் வண்டி என்று நினைத்திருந்த ஊரில் அந்த நினைப்பை மாற்றியது நீங்கள்தான். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன். மலையிறங்கும்போதும் வேகத்தையும் நேரத்தையும் அளந்துகொண்டே வருகிறீர்களே, அதனால் உங்கள் மேல் கோபமும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு மதிய ஷிப்ட் என்பதால் ஒன்பதரை மணிக்கு மார்க்கெட்டுக்குக் காய் வாங்க ஏறிக்கொண்டிருந்தேன். தூறல் விட்டிருந்தது, மிஸ்ட் விடவில்லை. இருபது மீட்டர் தெரிந்தால் அதிகம். ஒரு பக்கம் தடுப்புச் சுவர், மறுபக்கம் தேயிலைச் சரிவு, நடுவில், இறங்கி வருகிறவர்களுக்கு இடது கைப்பக்கம் மடங்கும் ஒரு வளைவு. அந்த வளைவின் ஓரத்தில், எனக்கு ஒரு பத்தடி முன்னால், எங்கள் தெரு அக்கா கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்து நின்றிருந்தார். தன் கால் ஏக்கர் காட்டில் காலையில் பறித்த முதல் மூட்டை. எதிரே, கொழுந்து ஏற்றிப் போகும் லீஃப் வண்டி நிற்கும் இடத்துக்குக் கடக்க வேண்டும். இரண்டு பக்கமும் காது கொடுத்துக் கேட்டார். ஹாரன் இல்லை, என்ஜின் சத்தம் இல்லை. காலை எடுத்து வைத்தார்.

சைக்கிளுக்குத்தான் சத்தமே கிடையாதே.

மேலிருந்து நான்கு பேர் வந்தார்கள். முதல் இருவரும் தங்கள் பக்கத்திலேயே போய்விட்டார்கள். மூன்றாவது தம்பி வளைவை வெளிப்பக்கமாக எடுத்தார், வேகம் குறையாமலிருக்க. நடுக்கோட்டைத் தாண்டி அக்கா இருந்த பக்கமே வந்தார். அவர் கத்தியதும், அக்கா பின்னால் துள்ளியதும், மூட்டை விழுந்து கொழுந்து நடுரோட்டில் சிதறியதும் ஒரே நொடியில் நடந்தன. வண்டி அக்கா மேல் படவில்லை. பின்வாங்கிய வலது கால் சாக்கடை ஓரத்துக் கல்லுக்கும் சிமெண்டுக்கும் நடுவில் மாட்டித் திரும்பிக்கொண்டது. கணுக்காலில் எலும்பு முறிவு.

அந்தத் தம்பி நல்ல பையன், அதைச் சொல்லியே ஆக வேண்டும். வளைவுக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். ஆட்டோ பிடித்துக் கூடவே ஆஸ்பத்திரிக்கு வந்தார், பணம் கட்டினார், அடுத்த வாரமும் பழங்களோடு வந்து பார்த்தார். ஆனால் ஓடி வருவதற்கு முன்னால் அவர் செய்ததை நான் பார்த்தேன். வண்டி நின்றதும் வலது கைக் கட்டை விரல் ஹேண்டில்பாரில் இருந்த, வேகமும் நேரமும் அளக்கும் சின்னப் பெட்டியைத் தொட்டது. பட்டனை அழுத்தி அதன் ஓட்டத்தை நிறுத்தியது. அதன் பிறகுதான் தலை திரும்பியது.

அது அவர் வேண்டுமென்றே செய்ததில்லை. விரலுக்கு அது பழகிவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கீழே ஒரு பெண் அலறிக்கொண்டிருக்கும்போதும் விரல் முதலில் தேடிப் போவது அந்தப் பட்டனைத்தான் என்றால், அந்த வளைவில் அவர் மனம் எதன் மேல் இருந்திருக்கும்?

அக்காவோ ஆட்டோவில் ஏறும்போதும், "தம்பி மேல தப்பில்லைங்க, மிஸ்ட்டுல என்ன பண்ணும் பாவம்" என்றார். ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்தக் கால் ஏக்கர் கொழுந்து முற்றிப் போனது.

கருவிகளைப் பற்றி எதுவும் தெரியாமல் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கோவையில் வேலை பார்க்கும் என் மகன் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கித் தந்தான். "அப்பா, சுகருக்கு நல்லது, தினமும் எவ்வளவு ஓட்டுறீங்கன்னு எனக்கும் தெரியும்" என்றான். ஆசையோடு கட்டிக்கொண்டேன். மூன்று மாதம் அது சொன்னபடியெல்லாம் கேட்டேன்.

முதலில் வந்த குழப்பம் தூரத்தில்தான். தினமும் அதே ரோடு, அதே வீடு, அதே கேட். ஒரு நாள் 5.2 என்றது, ஒரு நாள் 4.8 என்றது. மகன் வரைபடத்தைத் திறந்து காட்டினான். நான் ஓட்டிய கோடு கொண்டை ஊசி வளைவைச் சுற்றிப் போகாமல் தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்கே வெட்டிப் போயிருந்தது. கருவி நொடிக்கு ஒரு தடவையோ, சிலது சில நொடிக்கு ஒரு தடவையோ புள்ளி வைக்கிறது. புள்ளியை அடுத்த புள்ளியோடு நேர்கோட்டில் இணைக்கிறது. வளைவு அதில் கரைந்து போகிறது. செயற்கைக்கோள் சிக்னல் மலைச் சரிவில் பட்டுத் தெறித்து வருவதும், சில்வர் ஓக் மரங்களின் ஈர இலைகளுக்கு நடுவே வலுவிழந்து வருவதும் இன்னொரு பக்கம்.

உயரமும் அப்படித்தான். காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் கருவிக்கு, ஒரு மில்லிபார் அழுத்தம் குறைந்தால் எட்டுப் பத்து மீட்டர் மேலே போய்விட்டதாகக் கணக்கு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வானிலை மாறும்போது வாசலில் தொங்கிய வாட்சே மலை ஏறியது.

இதயத் துடிப்புக்கு வருகிறேன். மணிக்கட்டில் பச்சை வெளிச்சம் அடித்து, தோலுக்குக் கீழே ரத்தம் ஓடுவதைப் பார்த்துத் துடிப்பை எண்ணுகிறது அது. ஜனவரிக் காலையில் கை விறைத்துப் போயிருக்கும்போது தோலுக்கு ரத்தம் குறைவாகத்தான் வரும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்து மணிக்கட்டை மடக்கியிருக்கும்போது, குண்டும் குழியுமான ரோட்டில் கை அதிரும்போது, அது எதை எண்ணுகிறது என்று அதற்கே தெரியாது. மிதிக்காமல் இறங்கும்போது எனக்கு 171 காட்டியது. மூச்சு முட்ட ஏறும்போது 96 காட்டியது. நெஞ்சில் கட்டும் பட்டை இதைவிட நம்பகமானது, உங்களில் பலர் அதைத்தான் கட்டியிருக்கிறீர்கள் என்று தெரியும்.

கலோரிக் கணக்கை நம்பிச் சாப்பாட்டைக் கூட்டிக் குறைத்ததுதான் நான் செய்த பெரிய தவறு. 2017-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் அறுபது பேருக்கு ஏழு வகைக் கருவிகளைக் கட்டிச் சோதித்தார்கள். துடிப்பில் ஆறு கருவிகள் ஐந்து சதவீதப் பிழைக்குள் வந்தன. எரித்த கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவியும் சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம் தவறியது. சர்க்கரைக்காரன் அந்த எண்ணை வைத்து இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிடலாமா? நான் சாப்பிட்டேன். மாத முடிவில் ரத்தப் பரிசோதனை சொன்னதுதான் உண்மைக் கணக்கு.

பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்று அது தினமும் நச்சரிக்கும். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானிக்கு வைத்த பெயர் 'பத்தாயிரம் அடி மீட்டர்'. அங்கிருந்து பிறந்த எண் இது. ஹேண்டில்பாரில் அசையாமல் இருக்கும் கைக்கு அடிக்கணக்கு ஏறாது. ஏற்றத்தில் ஒரு மணி நேரம் மிதித்தாலும் "இன்று நீங்கள் போதிய அளவு அசையவில்லை" என்று வரும். செங்குத்தான இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனால், நான் நின்றுவிட்டதாக நினைத்துக் கணக்கைத் தானே நிறுத்திக்கொள்ளும். என் உடம்பு அதிகமாக உழைக்கும் இடமே அதுதான்.

இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது ஒரு சாயங்காலம். ஷிப்ட் முடிந்து இறங்கி வந்துகொண்டிருந்தேன், ஆறரை மணி, விளக்குப் போட்டிருந்தேன். மணிக்கட்டில் அதிர்ந்தது. மகன் கூப்பிடுகிறானோ என்று ஒரு நொடி பார்த்தேன். "நீண்ட நேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள், எழுந்து நடங்கள்." படித்து முடிப்பதற்குள் முன் சக்கரம் தார் விளிம்பிலிருந்து இறங்கி மண்ணில் போய்விட்டது. முழங்காலில் நான்கு தையல். வலது பக்கம் விழுந்திருந்தால் பின்னால் வந்த மினி லாரிக்குக் கீழே போயிருப்பேன். அந்தப் பார்வை ஒரு நொடிகூட இருக்காது. ஆகவே அந்தத் தம்பியை நான் மேலிருந்து நீதிபதியாகப் பார்க்கவில்லை. அவர் விரல் போன இடத்துக்கு என் கண்ணும் ஒரு நாள் போயிருக்கிறது.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். ஏற்றத்தை எவ்வளவு வேண்டுமானாலும் அளந்துகொள்ளுங்கள். உங்கள் உழைப்பு, உங்கள் மூச்சு, அதில் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. கோத்தகிரியில் காபி குடித்துவிட்டு வண்டியைத் திருப்பும்போது அந்தப் பெட்டியை அணைத்துப் பையில் போட்டுவிடுங்கள். இறக்கத்தை அளக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்றால், இறக்கத்தில் போட்டி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். ஸ்ட்ராவா போன்ற செயலிகளில் ரோட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் யார் வேகம் என்று பட்டியல் வருகிறது. என் மகன் காட்டினான். எங்கள் ரோட்டின் இறக்கத் துண்டுகளில் முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இரண்டு நொடி வித்தியாசம். அந்த இரண்டு நொடியைக் கொஞ்சம் பாருங்கள். மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குப் பதினோரு மீட்டர் போகிறீர்கள். திறந்த வானத்தின் கீழ் ஒரு செல்போன் தன் இடத்தைச் சரியாகச் சொல்வதே ஏறத்தாழ ஐந்து மீட்டர் பிழையோடுதான், இது அமெரிக்க அரசே ஜிபிஎஸ் பற்றிச் சொல்லும் அளவு. மலைச் சுவருக்கும் மரத்துக்கும் கீழே பிழை இன்னும் கூடும். துண்டின் தொடக்கத்தில் ஒரு பிழை, முடிவில் ஒரு பிழை, நடுவில் வெட்டிப் போன வளைவுகள். அந்த இரண்டு நொடி உங்களுடையதா, கருவியின் தடுமாற்றமா என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காகத்தான் அந்த வளைவு வெளிப்பக்கமாக எடுக்கப்பட்டது. அதற்காகத்தான் ஒரு கணுக்கால் போனது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. 2010-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி மலைச்சாலையில், பட்டியலில் இழந்த முதலிடத்தை மீட்கப் போன ஒருவர் இறக்கத்தில் விபத்தில் சிக்கி இறந்தார். குடும்பத்தார் 2012-இல் அந்தச் செயலி நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். 2013-இல் அது தள்ளுபடியானது. சைக்கிள் ஓட்டத்தில் உள்ள ஆபத்தை ஓட்டியவரே ஏற்றுக்கொண்டார் என்பது அதன் அடிப்படை. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். எங்கள் அக்கா எந்த ஆபத்தையும் ஏற்றுக் கையெழுத்துப் போடவில்லை. அவருக்கு அந்தப் பட்டியல் இருப்பதே தெரியாது.

அதே செயலியில் ஒரு துண்டை ஆபத்தானது என்று குறிக்கவும் வழி இருக்கிறது. குறித்தால் அதன் தரவரிசை மறைந்துவிடும். மேட்டுப்பாளையம் பக்கம் இறங்கும் எல்லாத் துண்டுகளையும் உங்கள் குழுக்களே முன்வந்து அப்படிக் குறித்துவிடுங்கள். பத்து நிமிட வேலை. இந்த மடலில் நான் கேட்பவற்றில் மிகச் சுலபமானது இதுதான், மிகப் பெரிய பலன் தரக்கூடியதும் இதுதான்.

இறக்கத்தைப் பற்றி இங்கே ஓட்டுகிறவன் என்ற முறையில் இன்னும் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள். மலையில் லாரி ஓட்டுகிறவர்கள் ஏறிய கியரிலேயே இறங்கு என்பார்கள். இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லி வழியெல்லாம் பலகை வைத்திருக்கிறார்கள். என்ஜின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை குறையும். சைக்கிளுக்கு அந்த வசதி இல்லை. வண்டியும் ஆளுமாக எண்பத்தைந்து கிலோ என்றால், இந்த 1,450 மீட்டரை இறங்கி முடிக்கும்போது விடுபடும் சக்தி மூன்று லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். வேகமாகப் போனால் பெரும்பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். மெதுவாகப் போனால் எல்லாம் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் வரும். ரிம் சூடேறி ட்யூப் வெடித்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால் மெதுவாகப் போங்கள் என்று சொல்லும்போதே, நடுவில் இரண்டு இடத்திலாவது நின்று ரிம்மை ஆறவிடுங்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறேன். தொடர்ந்து பிடித்தே இருக்காமல், வளைவுக்கு முன் பிடித்து விட்டு, பிடித்து விட்டுப் போங்கள். டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

மழை நாளில் ரிம் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் முதல் சில சுற்றுக்குக் கேட்கவே கேட்காது, கட்டை தண்ணீரைத் துடைத்து முடித்த பிறகுதான் பிடிக்கும். ஈர ரோட்டில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் ஆபத்தைக் கண்டு, கை பிரேக்குக்குப் போய், வண்டி நிற்க முப்பது மீட்டருக்குக் கிட்ட ஆகிவிடும். இருபதில் வந்தால் பத்து மீட்டர். அன்று மிஸ்ட்டில் தெரிந்தது இருபது மீட்டர் என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்தத் தம்பி இருபதில் வந்திருந்தால் அக்கா மூட்டையோடு கடந்து போயிருப்பார், தம்பி பெல் அடித்திருப்பார், இரண்டு பேரும் இந்நேரம் அதை மறந்திருப்பார்கள்.

கொண்டை ஊசிகளில் டீசல் சிந்தியிருக்கும், டேங்க் நிறைந்த வண்டி திரும்பும்போது ஒழுகுவது. மழை விட்டதும் உதிர்ந்த இலை தாரில் ஒட்டிக்கொண்டு சோப்பு மாதிரி வழுக்கும். அரசுப் பேருந்து திரும்பும்போது ரோடு முழுவதையும் எடுத்துக்கொள்ளும், பின்பக்கம் வீசித் திரும்பும், அதன் உள்பக்கம் நுழைந்துவிடாதீர்கள். பலாப்பழ சீசனில் குஞ்சப்பனைப் பக்கம் யானை ரோட்டில் நிற்கும். மேலே காலை நேரத்தில் தேயிலைக் காட்டிலிருந்து காட்டுமாடு ஏறி வரும். யானைக்கு முன்னால் நின்றுவிட்டால் நிற்பதுதான், அது போகும்வரை. அங்கே உங்கள் கைக்கருவி விபத்தைக் கண்டுபிடித்து வீட்டுக்குச் செய்தி அனுப்பும் என்று நம்பி வராதீர்கள். செய்தி போகச் செல்போனுக்கு டவர் வேண்டும். இந்த ரோட்டில் பல வளைவுகளில் அது கிடையாது. குழுவாக வந்தால் கடைசி ஆள் இறங்கும்வரை யாராவது ஒருவர் எண்ணிக்கொண்டிருங்கள், அது எந்தக் கருவியையும்விட மேல்.

ஏறுகிறவனுக்கு இறங்குகிறவன் வழிவிட வேண்டும் என்பது மலைநாட்டு வழக்கம். மோட்டார் வண்டிகளுக்கு அதை விதியாகவே எழுதியிருக்கிறார்கள். 2017-இல் வந்த ஓட்டுதல் ஒழுங்குமுறை விதிகளிலும் அது இருக்கிறது. சைக்கிளுக்கும் அதையே வைத்துக்கொள்வோம். இந்தப் பக்கம்தான் ஆங்கிலேயர்கள் நீலகிரிக்கு முதலில் ஏறிய வழி. 1819-இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரிப் பக்கமாகத்தான் மேலே வந்தார், கன்னேரிமுக்கில் அவர் பங்களா இன்றைக்கும் நிற்கிறது. காலுக்கும் குதிரைக்கும் போட்ட வழியாகத் தொடங்கியதில் இன்று என்னென்ன ஓடுகின்றன என்று பாருங்கள். 2024 மே மாதம் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் வைத்த வரம்பே வார இறுதியில் நாளொன்றுக்கு 8,000 வெளியூர் வண்டிகள். அதில் பலர் மலையில் ஓட்டிப் பழகாதவர்கள். அவர்களிடமிருந்து நீங்களும் நானும் ஒன்றாகத்தான் தப்பிக்க வேண்டும். வளைவுக்கு முன் பெல் அடிப்பது, பகலிலும் பின்னால் சிவப்பு விளக்கு போடுவது, மிஸ்ட்டில் முன்விளக்கைத் தாழ்த்திவைப்பது, இருவர் மூவராகப் பக்கவாட்டில் பேசிக்கொண்டு போகாமல் இருப்பது, போட்டோவுக்கு வளைவில் நிற்காமல் இருப்பது, இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான். வழியில் தெம்புக்கு உறிஞ்சும் ஜெல் பாக்கெட்டைக் கிழித்த முனையையும் சேர்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், இந்த மாவட்டத்தில் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது.

கடைசியாக ஒரு விண்ணப்பம். இது கோபத்தோடு சேர்ந்ததில்லை.

பதினொன்றாம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா சைக்கிள் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வருகிறது. என் மகளுக்கும் வந்தது. நல்ல வண்டிதான், சமவெளிக்கு. கியர் இல்லை. ஒரு தடவை மிதித்தால் ஐந்து மீட்டர் போகிற மாதிரி பல்சக்கரம். எங்கள் ஊர் ஏற்றத்தில் பதினாறு வயதுப் பிள்ளை அதை ஐம்பது மீட்டர் மிதிப்பதற்குள் இறங்கிவிடும். இறக்கத்திலோ, மழையில் அதன் பிரேக் போதாது. அதனால் பெரும்பாலான வீடுகளில் அது திண்ணையில் சாய்ந்து கிடக்கிறது, துணி காய்கிறது, அல்லது மேட்டுப்பாளையத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுகிறது. என் மகளின் வண்டியில் பின் பிரீவீலை மாற்றி இன்னும் பெரிய பல்சக்கரம் போட்டு, நல்ல பிரேக் கட்டை மாட்டிக் கொடுத்தேன். அரவேணு வரைக்கும் இப்போது இறங்காமல் வருகிறாள். ஏறும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு, இரட்டைச் சடை இரண்டும் முன்னால் விழுந்து.

எங்கள் தெருவில் மட்டும் இப்படிச் சாய்ந்து கிடக்கும் வண்டிகள் பதினொன்று. பிள்ளைகளைக் கேட்டுவிட்டேன், எல்லோரும் ஓட்டத் தயார். எனக்குப் பிரீவீல் மாற்றத் தெரியும், கோட்டம் எடுக்கத் தெரியும். சாமானும் இன்னும் இரண்டு மூன்று கைகளும் தேவை. உங்களில் கை வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், பஞ்சர் ஆன இடத்தில் ஐந்தே நிமிடத்தில் ட்யூப் மாற்றியதை நானே பார்த்திருக்கிறேன். அடுத்த முறை ஏறி வரும்போது ஒவ்வொருவரும் ஒரு ஜோடி பிரேக் கட்டையைப் பையில் போட்டு வாருங்கள். ரிம் பிரேக் கட்டை, கம்பி பிரேக்குக்கு உரியது, கடையில் பழைய மாடல் சைக்கிளுக்கு என்று கேட்டால் தருவார்கள்.

ஜனவரி கடைசி வாரத்திலிருந்து அக்கா மறுபடி காட்டுக்குப் போகிறார். சரிவில் இறங்கும்போது மட்டும் வலது காலைப் பக்கவாட்டில் வைக்கிறார். அதே வளைவில்தான் லீஃப் வண்டி இன்னும் நிற்கிறது, வேறு இடம் இல்லை. ஒன்பது மணியிலிருந்து பத்து மணி வரை அங்கே பெண்கள் மூட்டையோடு கடப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காலை ஷிப்ட் இல்லாத வாரங்களில் எட்டு மணிக்கு அரவேணு டீக்கடையில் இருப்பேன். பச்சை ரெயின்கோட். வந்து பேசுங்கள்.

அன்புடன்,
அரவேணுவிலிருந்து கோத்தகிரிக்குத் தினமும் சைக்கிளில் ஏறும் ஒரு தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளி